ஐம்பத்திரண்டாம் எண்ணை அடைத்தவர்

திங்கட்கிழமை. காலை 6.40.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ரத்தச் சேமிப்பு அறையைத் திறந்த டெக்னீஷியன் வாசலிலேயே நின்றுவிட்டாள். குளிர்ப்பெட்டியின் உறுமலைக் காணோம். பெட்டியின் தலையில் இருந்த சின்ன பஸ்ஸர் மட்டும் பேட்டரி தீர்ந்துபோகிற நிலையில் ஈனசுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு மேல் 19 என்று எரிந்தது. அங்கே எரிய வேண்டிய எண் 4.

ஒரு ரத்தப் பையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். அடியில் சிவப்பும் மேலே இளமஞ்சள் தெளிவும் இருக்க வேண்டும். தெளிவும் சிவந்து கிடந்தது. அடுத்த பை. அதற்கடுத்தது. கடைசிப் பைவரை பார்த்தாள். மொத்தம் நூற்று எண்பத்தாறு பைகள். ஒன்றுகூடத் தேறவில்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கையைவிட்டு அகலாத போன். ஒரு அலாரச் செய்திகூட வந்திருக்கவில்லை.

காலை 7.50.

நெட்வொர்க் இன்ஜினீயரின் அறையில் மூன்று பேர் நின்றார்கள். இன்ஜினீயர், டெக்னீஷியன், சட்டை மடிப்புக் கலையாத நிர்வாக அதிகாரி. ஆஸ்பத்திரி முழுவதும் அவரை ஏ.ஓ. என்றுதான் அழைக்கும்.

“சென்சார் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றார் இன்ஜினீயர், திரையைப் பார்த்தபடி. “நேத்து காலைல 10.25க்கு கம்ப்ரஸர் நின்னிருக்கு. சூடு ஏறினதை சென்சார் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்கு. வெளியே போகலை. ஃபயர்வால், அதான் நெட்வொர்க்கோட வாசல் காவல், தடுத்திருக்கு.”

“ஏன் தடுத்துச்சு?”

“சனிக்கிழமை மத்தியானம் 3.12க்கு மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர்லருந்து யாரோ தடைப் பட்டியல்ல ஒரு எண்ணைச் சேர்த்திருக்காங்க. 203.0.113.52. நம்ம அலாரம் சர்வரோட எண் அது.”

ஏ.ஓ. குனிந்து திரையில் இருந்த வரியைப் படித்தார். பிறகு டெக்னீஷியன் பக்கம் திரும்பினார்.

“அந்த எண் உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் சார். அலாரம் வெச்சப்போ நான்தானே…”

“பாஸ்வேர்டும் தெரியும்.”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

காலை 9.00 மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. ஆணை எண் 038. வார இறுதியில் தொந்தரவில்லாமல் இருப்பதற்காக அலாரத்தை வேண்டுமென்றே முடக்கிய குற்றத்துக்காக ரத்தச் சேமிப்பு டெக்னீஷியன் தற்காலிகப் பணி நீக்கம். கீழே ஏ.ஓ.வின் கையெழுத்து. அதே வாசகத்துடன் ஒரு புகார் காவல் நிலையத்துக்கும் போனது.

செவ்வாய்க்கிழமை. காலை 10.15.

இன்ஸ்பெக்டர் லிஃப்டிலிருந்து இறங்கியபோதே சத்தம் கேட்டது. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். அவருக்குப் பின்னால் ஏட்டு வேகமாக நடந்தார்.

நடைபாதையில் பஸ் டிரைவர் சீருடையில் ஒருவர், விசாரணைக்காக வந்து சுவரோடு ஒட்டி நின்ற டெக்னீஷியன் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

“மூணு வாரத்துக்கு ஒரு தடவை என் பொண்ணுக்கு ரத்தம் ஏத்தணும். ஏழு வயசு. நேத்து ஏத்தியிருக்கணும். அவளால மாடிப்படி ஏற முடியலை, வாயெல்லாம் வெளுத்துக் கிடக்கா. நீ நிம்மதியாத் தூங்கறதுக்கு அலாரத்தை அணைச்சியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

“நான் அணைக்கலைண்ணே.”

“அண்ணேன்னு கூப்பிடாதே.”

இன்ஸ்பெக்டர் நடுவில் போய் நின்றார். “யார் சொன்னாங்க அவங்க அணைச்சாங்கன்னு?”

“போர்டுல ஒட்டியிருக்கே.”

“ஒட்டினது போலீஸ் இல்லை. போய் உங்க பொண்ணுகிட்ட உட்காருங்க. ரத்தம் எப்போ வருது?”

“பக்கத்து ஊர்ல இருந்து சாயங்காலம் வருமாம். வருமாம்தான். வரும்னு ஒருத்தனும் சொல்லலை.”

அவர் போனார். டெக்னீஷியன் அழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஏ.ஓ.வின் அறை. மேஜையில் ஒரு தூசு இல்லை. ஃபைல்கள் அளவெடுத்து வெட்டியதுபோல் அடுக்கியிருந்தன. புகாரின் முழு விவரத்தை அவர் கையாலேயே மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். பக்கங்களின் மூலையில் 001, 002, 003.

“ஞாயித்துக்கிழமை அந்த அறைக்குக் காவல் யாரும் இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“முன்னாடி ஒரு ஆள் இருந்தான். அலாரம் வந்தப்புறம் தேவைப்படலை.”

“எடுத்தது யார்?”

“நிர்வாகம்.”

“நிர்வாகம்னா?”

“நான்.”

“ஃபயர்வால் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?”

“மூணு பேருக்கு. இன்ஜினீயர், அந்தப் பொண்ணு, நான். நிர்வாகத்துக்குத் தெரியாம ஒரு பூட்டும் இங்கே இருக்கக் கூடாதுன்னு நான்தான் கேட்டு வாங்கி வெச்சேன். கவருக்குள்ள சீல் வெச்சு பீரோவுல இருக்கு. எனக்கு அந்த எண்ணு, நெட்வொர்க்கு ஒண்ணும் புரியாது மேடம். எனக்கு ஃபைல்தான் தெரியும்.”

“சனிக்கிழமை மூணு மணிக்கு எங்கே இருந்தீங்க?”

“இதே நாற்காலியில.”

“பார்த்தவங்க?”

“சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல யார் இருப்பா? நான் ஒருத்தன்தான் உழைக்கறேன்.”

டெக்னீஷியனின் பதில்கள் இன்னும் சுருக்கமாக இருந்தன. சனிக்கிழமை 3.12க்கு அவள் சேமிப்பு அறையில் தனியாகப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குக் கிளம்பினாள். சாட்சி இல்லை.

“சென்சார் பேசாமப் போனாலும் அலாரம் வரணுமே?”

“வரணும் மேடம். சர்வர் எனக்கு மெயில் அனுப்பும். ஆனா அது ஆஸ்பத்திரி மெயிலுக்குத்தான் வரும், அங்கேயிருந்துதான் என் போனுக்கு. சர்வரோட எண்ணை அடைச்சா போறதும் நிக்கும், வர்றதும் நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே கதவு.” சட்டென்று குரல் உயர்ந்தது. “எட்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். என் கல்யாணத்தன்னிக்குக் கூட சாப்பிட உட்கார்ந்த இடத்துலருந்து ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய் அலாரம் பார்த்தேன். என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டறாங்க. நான் எதுக்கு அடைக்கணும்?”

“உங்களைத் தவிர அலாரம் சர்வர் எண் யாருக்குத் தெரியும்?”

அவள் வெகுநேரம் யோசித்தாள். யோசித்ததே தனக்கு எதிரானது என்று அவளுக்கும் தெரிந்தது.

“இன்ஜினீயருக்கு. எனக்கு. வேற யாருக்கும் தெரியாது.”

ஆனால் இன்ஜினீயர் சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மொட்டை மாடியில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார். கூடவே இரண்டு எலெக்ட்ரீஷியன்கள். இருவரும் அதை உறுதியாகச் சொன்னார்கள். மீட்டிங் ரூமுக்கோ சாவியே கிடையாது. யாரும் உள்ளே போகலாம், யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாம்.

“அப்புறம் என்ன மேடம்,” என்றார் ஏட்டு தாழ்ந்த குரலில். “சுத்திச் சுத்தி அந்தப் பொண்ணுகிட்டதான் வந்து நிக்குது.”

இன்ஸ்பெக்டர் இன்ஜினீயரைப் பார்த்தார். “இந்த ஆஸ்பத்திரி மேல யாருக்காவது கோபமா?”

இன்ஜினீயர் நெற்றியைத் தடவினார். “ஆஸ்பத்திரி மேல இல்லை மேடம். என் மேல. இல்லை, நான்னு நினைச்சுக்கிட்டு வேற யார் மேலயோ. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

“வரிசையாச் சொல்லுங்க.”

இணையத்தில் ஒரு நெட்வொர்க் மன்றம். அதில் மூன்று வாரமாக ஒரு சண்டை. ஒருவர் பெயர் கோடாலி. இன்னொருவர் பெயர் இரும்புக்கதவு. வேண்டாத தளங்களை எப்படித் தடுப்பது என்பதுதான் விஷயம். இரும்புக்கதவு பேச்சுக்குப் பேச்சு ‘எங்கள் ஆஸ்பத்திரியில்’ என்று எழுதியதால், அது இன்ஜினீயர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கோடாலி அந்த ஆளின் வாக்கியங்களைத் தொகுத்து, ‘இரும்புக்கதவின் பொன்மொழிகள்’ என்று ஒரு கேலிப் பக்கமே போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

“கேன்டீன்ல நான் உள்ளே நுழைஞ்சாலே ‘கதவு வந்துடுச்சு, தள்ளுங்க’ன்னு சிரிக்கறாங்க. நான் அந்த மன்றத்துல ஒரு வரிகூட எழுதினதில்லை மேடம். சொன்னா எவன் நம்பறான்?”

“ஏ.ஓ. இதைப் பத்தி எதுவும் சொல்லலையே?”

“அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?”

பகல் 12.30.

ஏட்டு நாற்பத்தொரு பக்கங்களை அச்செடுத்து வந்தார். இன்ஸ்பெக்டர் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார்.

இரும்புக்கதவு: ‘வேண்டாத தளமா? அதன் எண்ணை அடை. கதை முடிந்தது. பெயரைத் தேடு, வாசகத்தைத் தேடு என்று நீட்டி முழக்குவது வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம்.’

கோடாலி: ‘ஒரே எண்ணில் ஐந்நூறு தளம் குடியிருக்கும். ஒரு வீட்டுக்காரனைப் பிடிக்கவில்லை என்று அடுக்குமாடியையே பூட்டுவாயா? அவனோ சாயங்காலமே வேறு எண்ணுக்குக் குடிபோய்விடுவான். மாட்டிக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரன்.’

இரும்புக்கதவு: ‘லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறான்.’

கோடாலி: ‘லிஃப்டில் ஒரு கம்பியைத் தப்பாகப் போட்டால் ஆள் செத்துப்போவான். அதனால் யோசித்துப் போடுகிறேன். நீ?’

பக்கத்துக்குப் பக்கம் வசவு ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது வாரத்தில் ஓர் இடத்தில் கோடாலி எழுதியிருந்தார்: ‘எண்களுக்கு முன்னால் சைபர் போட்டு எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? ஒரு நாள் மாட்டிக்கொள்வாய்.’ அதற்குப் பதில்: ‘மூன்று மூன்று இலக்கமாக நின்றால்தான் பார்க்க லட்சணம். உன் புத்தியைப்போல் கோணலாக எழுதச் சொல்கிறாயா?’

வெள்ளிக்கிழமை கோடாலி சவால் விட்டிருந்தார். ‘பொன்மொழிகள் இருக்கும் என் சர்வரின் எண் 203.0.113.64. ஆண்பிள்ளையாக இருந்தால் உன் ஆஸ்பத்திரியில் அடைத்துக் காட்டு.’

சனிக்கிழமை 3.14. இரும்புக்கதவின் பெயருக்குக் கீழே வெற்றிடம். ‘இந்தப் பதிவை எழுதியவரே நீக்கிவிட்டார். திங்கள், காலை 8.05.’

சனிக்கிழமை 3.20. கோடாலி: ‘அடைத்துவிட்டாயா? அப்படியானால் இப்போது உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என் பக்கத்தைப் பார்க்கிற பதினோரு பேர் யார்?’

இன்ஸ்பெக்டர் பேனாவால் 8.05ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“மேடம்,” என்றார் ஏட்டு, “இவன் சர்வர் 64. அலாரம் சர்வர் 52. முன்னாடி இருக்கற நம்பரெல்லாம் ஒண்ணா இருக்கே?”

“ரெண்டும் ஒரே வாடகை சர்வர் கூடத்துல இருக்கு. இன்ஜினீயர்கிட்ட கேட்டுட்டேன். இந்த ஊர்ல பாதிப் பேர் அங்கேதான் இடம் எடுத்திருக்காங்க.”

“அப்போ கோடாலிதான் உள்ளே புகுந்து…”

“வண்டியை எடுங்க ஏட்டய்யா. ஆளைப் பார்த்துட்டுப் பேசலாம்.”

மாலை 4.30.

கோடாலி என்பவர் லிஃப்ட் மெக்கானிக். உருளையான உடம்பு, மசி படிந்த விரல்கள். கதவைத் திறந்ததுமே சண்டைக்குத் தயாராக இருந்தார்.

“வாங்க. எதிர்பார்த்தேன். அந்தக் கோழைப் பய என் மேல புகார் கொடுத்துட்டானா?”

“உட்கார்ந்து பேசலாமா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “உட்காருங்கம்மா. கொஞ்சம் நல்லாத் திட்டிட்டுப் போங்க. மூணு வாரமாத் தட்டுல வெச்ச சாப்பாடு ஆறிப்போகுது, இவரு அந்த டப்பாவைப் பார்த்துப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்காரு. கட்டின பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு நேரம் சண்டை போட்டதில்லை.”

“நீ உள்ளே போ,” என்றார் மெக்கானிக்.

“நீக்கின பதிவுல என்ன இருந்துச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மனப்பாடமாச் சொல்றேன். ‘அடைத்தாயிற்று. இனி உன் குப்பை எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழையாது. ஒரே வரி, ஒரே நிமிடம்.’ அவ்வளவுதான். ஆறு நிமிஷம் கழிச்சு நான் என் சர்வரைப் பார்க்கறேன், ஆஸ்பத்திரிலருந்து பதினோரு பேர் பார்த்துக்கிட்டிருக்கான். எனக்குச் சிரிப்புத் தாங்கலை.”

“அந்த ஆள் யாருன்னு தெரியுமா?”

“அங்கே இருக்கற இன்ஜினீயர்னு சொல்றாங்க. இன்ஜினீயரா இருந்தா இந்த லட்சணத்துல பேச மாட்டான். ஏதோ மூணு மாசக் கோர்ஸ் படிச்சிட்டு நாலு பேரை அதட்டுற ஆளு. அதிகாரம் பண்ணிப் பழகின கை.”

“சைபர் போடாதேன்னு எழுதியிருந்தீங்களே. ஏன்?”

முதல் முறையாக அவர் முகத்தில் கோபம் போய் உற்சாகம் வந்தது. ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் அவருடைய பேனா நின்றது. கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சும்மா?” என்றார், குரல் இறங்கி.

“நூத்தி எண்பத்தாறு ரத்தப் பை கெட்டுப்போச்சு.”

மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்தார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை. காலை 11.00.

மீட்டிங் ரூம். நீள மேஜையின் ஒரு கோடியில் அந்தக் கம்ப்யூட்டர். ஏ.ஓ., இன்ஜினீயர், டெக்னீஷியன் மூவரும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். கதவருகில் ஏட்டு. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டதால் பஸ் டிரைவரும் ஓரமாக நின்றார்.

“எனக்குப் பத்தரைக்கு இன்னொரு மீட்டிங் இருந்துச்சு,” என்றார் ஏ.ஓ. “குற்றவாளி யாருன்னு மூணு நாளாத் தெரியும். கைது பண்ண என்ன தயக்கம்?”

“ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு.” இன்ஸ்பெக்டர் மூவருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். “நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இருநூத்தி மூணு. புள்ளி. சைபர். புள்ளி. நூத்திப் பதிமூணு. புள்ளி. அறுபத்திநாலு.”

எழுதினார்கள். ஏட்டு மூன்று தாள்களையும் வாங்கி மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

“இன்ஜினீயர் சார், இந்தப் பெட்டியில தடைப் பட்டியலைத் திறங்க. முதல்ல உங்க தாள்ல எப்படி எழுதியிருக்கீங்களோ, ஒரு எழுத்து மாறாம அப்படியே அடிங்க.”

அவர் தட்டினார். திரையில் வந்தது: 203.0.113.64.

“அடுத்தது டெக்னீஷியனோடது.”

203.0.113.64.

“இப்போ ஏ.ஓ. சாரோடது. எழுதியிருக்கறபடியே.”

மூன்றாவது தாளில் அழகான, நேரான கையெழுத்தில் இருந்தது: 203.000.113.064. இன்ஜினீயர் அதைத் தட்டி என்டரை அழுத்தினார். திரையில் வந்த வரியைப் பார்த்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

203.0.113.52.

டெக்னீஷியன் எழுந்து திரைக்கு அருகில் போய், எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கும் நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரியாது,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒரு எண்ணுக்கு முன்னாடி சைபர் போட்டா, இந்த மாதிரிச் சில மெஷின் அதைப் பத்து பத்தா எண்ணாது. எட்டு எட்டா எண்ணும். நமக்கு அறுபத்திநாலுன்னா ஆறு பத்தும் நாலும். அதுக்கு ஆறு எட்டும் நாலும். நாற்பத்தெட்டும் நாலும் அம்பத்திரண்டு. அடிச்சது 064. அடைச்சது 52. திரையில மாத்தின எண்தான் நிக்கும், அடிச்சது நிக்காது. அதனாலதான் எல்லாரும் அலாரம் சர்வர் எண் தெரிஞ்ச ஆளைத் தேடினோம். அந்த எண்ணை யாருமே அடைக்க நினைக்கலை. கேலிப் பக்கத்தை அடைக்கத்தான் நினைச்சாங்க.”

ஏ.ஓ. தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார்.

“சைபர் போடறது ஒரு குத்தமா? ஃபைல் வேலை பார்க்கற எவனும் போடுவான்.”

“நீங்க ஆணைக்குப் போட்டீங்க. 038. புகாருக்குப் போட்டீங்க. 001, 002, 003. இரும்புக்கதவும் போட்டாரு, லட்சணமா இருக்கும்னு சொல்லி. பாஸ்வேர்டு தெரிஞ்ச மூணு பேர்ல சைபர் போடற கை ஒண்ணுதான். உங்க போனைக் கொடுங்க சார். அந்த மன்றத்துல நீங்க என்ன பேர்ல உள்ளே போறீங்கன்னு எல்லாரும் பார்க்கலாம்.”

அவர் போனை எடுக்கவில்லை. சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். அது போதுமாக இருந்தது.

“நான் வேணும்னு செய்யலை,” என்றார் கடைசியில். “யாரோ ஒரு லிஃப்ட் ரிப்பேர்காரன். எல்லார் முன்னாடியும் என்னைச் சிரிப்பாச் சிரிக்க வெச்சான். எங்கே போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கறாங்க. கேன்டீன்ல என் முதுகுக்குப் பின்னாடி என் வாக்கியத்தையே சொல்லிச் சிரிக்கறாங்க, அது நான்னு தெரியாம. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதை அடைக்கத்தான் பார்த்தேன். இந்த மெஷின் இப்படி மாத்தும்னு எனக்கு எப்படித் தெரியும்? இது ஒரு விபத்து.”

“சனிக்கிழமை 3.12 விபத்து. ஒத்துக்கறேன்.” இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை, ஆனால் ஏட்டு நிமிர்ந்து நின்றார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். “திங்கட்கிழமை 7.50க்கு இன்ஜினீயர் உங்க முன்னாடி அந்த வரியைப் படிச்சாரு. சனிக்கிழமை, 3.12, இந்தக் கம்ப்யூட்டர். அந்த நிமிஷமே அது உங்க வரின்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏன்னா 8.05க்கு உங்க பதிவை நீக்கிட்டீங்க. ஒம்பது மணிக்கு இந்தப் பொண்ணு பேரை போர்டுல ஒட்டினீங்க. எனக்கு எழுதின புகார்ல மூணு பக்கமும் பொய். அதுல எது விபத்து?”

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஏட்டய்யா.”

ஏட்டு முன்னால் வந்தார். ஏ.ஓ. போகும்போது மேஜை மீது கோணலாகக் கிடந்த தாள்களை அவர் கை தன்னையறியாமல் நேராக்கியது. டெக்னீஷியன் அவற்றைத் தட்டிவிட்டாள்.

“என் வீட்ல மூணு நாளா யாரும் என்னோட பேசலை,” என்றாள். “என் வீட்டுக்காரரே கேட்டாரு, ‘உண்மையச் சொல்லு, தூக்கக் கலக்கத்துல ஏதாவது பண்ணிட்டியா’ன்னு.” பிறகு இன்ஜினீயர் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான். எட்டு வருஷமா ஒரே இடத்துல வேலை பார்க்கறோம். ‘அவ செஞ்சிருக்க மாட்டா’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

இன்ஜினீயர் தரையைப் பார்த்தார். “இன்னிக்கே அந்த ஆணையை எடுக்கச் சொல்றேன்.”

“எடுக்க வேண்டாம். அதுக்குப் பக்கத்துலயே, அதே அளவு எழுத்துல, யார் செஞ்சாங்கன்னு ஒட்டுங்க. என்னைப் பார்த்தவங்க எல்லாரும் அதையும் பார்க்கணும். அப்புறம் வேலைக்கு வரேன்.”

பஸ் டிரைவர் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

“பொண்ணுக்கு ரத்தம் ஏத்தியாச்சா?” என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே.

“நேத்து ராத்திரிதான் வந்துச்சு. இப்போ பரவாயில்லைம்மா.”

“இன்னொரு தடவை யாரையும் அப்படி விரல் நீட்டிப் பேசாதீங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பிற்பகல் 3.00.

லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு. இன்ஸ்பெக்டர் அவருடைய வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பக்கமும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“மாட்டிக்கிட்டானா?” என்றார் மெக்கானிக். ஜெயித்த ஆளின் குரலாக அது இல்லை.

“மாட்டிக்கிட்டாரு. நீங்க மூணு வாரமாச் சொன்னது அத்தனையும் சரி. எண்ணை அடைச்சா பக்கத்து வீட்டுக்காரன் மாட்டுவான். சைபர் போட்டா ஒரு நாள் வம்பு வரும். ரெண்டுமே நடந்துச்சு.”

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விரலை வைத்தார்.

“இந்த இடம். ‘எனக்குச் சிரிப்புத் தாங்கலை.’ எதுக்குச் சிரிச்சீங்க?”

“அடைச்சேங்கறான். ஆனா என் பக்கம் திறந்திருக்கு. அப்போ தப்பா அடைச்சிருக்கான்.”

“சைபர் போட்டதால.”

“ஆமா.”

“அப்போ எந்த எண் அடைஞ்சிருக்கும்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்.”

மெக்கானிக் பேனாவை மூடினார். திறந்தார்.

“தெரியும்,” என்றார். “அம்பத்திரண்டு.”

“அங்கே யாராவது இருப்பாங்கன்னு?”

“அந்தக் கூடத்துல காலி இடமே கிடையாதும்மா. யாரோ ஒருத்தர் இருப்பாங்க. யாருன்னு தெரியாது. சத்தியமா ரத்தம்னு தெரியாது. ஏதோ கடையோ கம்பெனியோன்னு நினைச்சேன்.”

“ஒரு வரி எழுதியிருக்கலாமே. ‘தப்பான எண்ணை அடைச்சிட்டே, எடு’ன்னு.”

“எழுதியிருந்தா அவன் சத்தமில்லாமத் திருத்திட்டுத் தப்பிச்சிருப்பான்.” பேனாவை மேஜையில் வைத்தார். “ரெண்டு நாள் கிடக்கட்டும், திங்கக்கிழமை எல்லாரும் இருக்கறப்போ போட்டு மானத்தை வாங்கலாம்னு இருந்தேன்.”

“சனிக்கிழமை மத்தியானத்துல இருந்து கம்ப்ரஸர் நிக்கற வரைக்கும் பத்தொன்பது மணி நேரம். அதுக்கப்புறம்கூட ரத்தம் உடனே கெட்டுப்போகலை. சில மணி நேரம் இருந்துச்சு. ஏழு வயசுக் குழந்தை ஒண்ணு அந்த ரத்தத்துக்குத்தான் காத்திருந்துச்சு.”

உள்ளறையிலிருந்து அவர் மனைவி வந்து நிலைப்படியில் நின்றார். கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குழந்தை…” என்று தொடங்கிய மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். மசி படிந்த விரல்கள் காகிதத்தின் ஓரத்தை மடித்து மடித்து விட்டன. “என் மேல கேஸ் வருமாம்மா?”

இன்ஸ்பெக்டர் தாள்களை அடுக்கிக் கோப்பில் வைத்து எழுந்தார்.

“வராது. நீங்க எதையும் செய்யலையே. சட்டத்துல உங்களுக்கு இடமே இல்லை.” செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.”